ஆத்தா குடிக்கும் நித்தியகல்யாணிச் சாறு

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் தேவகோட்டைப் பக்கம். எங்கள் ஆத்தாவுக்கு 72 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார்கள்; பிரஷருக்கும் ஒரு மாத்திரை உண்டு. மூன்று மாதத்துக்கு முன் தம்பி மகள் கல்யாணம் முடிந்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 190 இருந்தது. டாக்டர் கிளிமிபிரைடை ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம் ஆக்கினார். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு, கொல்லையில் நிற்கும் வெள்ளை நித்தியகல்யாணியில் தினமும் ஒரு கைப்பிடி இலை பறித்து, அம்மியில் அரைத்துச் சாறெடுத்து, விடிந்ததும் குடிக்கிறார்கள். இரண்டு மாதம் ஆகிறது. சர்க்கரை இப்போது 138. இனி மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். ஆனால் பாதம் மதமதவென்று இருக்கிறதாம், மலச்சிக்கலும் சேர்ந்திருக்கிறது. இரண்டு தடவை விடியற்காலையில் வேர்த்து நடுங்கினார்கள். என் மகள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள், அவளுக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. "ரெண்டு எலதானே, என்ன செஞ்சுபுடும்?" என்று ஆத்தா அவளையும் குடிக்கச் சொல்கிறார்கள். கொழுந்தனாருக்கு நிணநீர்ப் புற்று, மதுரையில் கீமோ நடக்கிறது. இந்தச் செடியில்தான் கேன்சர் மருந்து எடுக்கிறார்களாமே, அவருக்குக் கொடுக்கலாமா? இல்லை, செடியையே பிடுங்கிப் போட்டுவிடட்டுமா?

பதில்: வணக்கம் ஆச்சி.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு நிதானமாகப் படியுங்கள். ஆத்தா நாளை காலையிலிருந்து அந்தச் சாற்றைக் குடிக்க வேண்டாம். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, ஒரேயடியாக நிறுத்தலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் விடியற்காலையில் வேர்த்து நடுங்கியதை இந்த வாரமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிளிமிபிரைடின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். மகளுக்கு ஒரு இலைகூடக் கூடாது. கொழுந்தனாருக்கும் கூடாது. செடியைப் பிடுங்க வேண்டாம்.

நான் சித்த மருத்துவம் படித்தவள். காரைக்குடியில் அதைத்தான் செய்து வருகிறேன். மூலிகை என்றாலே முகம் சுளிக்கிற ஆள் சொல்கிறார் என்று ஆத்தா நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நித்தியகல்யாணி மருந்துச் செடிதான், சந்தேகமே இல்லை. அதன் வீரியம் தெரிந்திருப்பதால்தான் கைப்பிடிக் கணக்கில் குடிக்காதீர்கள் என்கிறேன்.

190 எப்படி 138 ஆனது என்று பார்ப்போம். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 190 என்று வந்தது கல்யாணம் முடிந்த கையோடு. நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் மாவுருண்டையும் கந்தரப்பமும் மணகோலமும் டின் டின்னாக இருக்கும். வருகிறவர்களோடு உட்கார்ந்து ஆளுக்கொன்று எடுப்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பலகாரம் தீர்ந்தாலே சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும். அதே சமயத்தில் டாக்டர் கிளிமிபிரைடை இரண்டு மடங்காக்கியிருக்கிறார். அந்த ஒரு மாற்றமே இந்த இறக்கத்துக்குப் போதுமானது. ஆத்தாவோ, கடைசியாகச் சேர்ந்த சாற்றுக்கு முழுப் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். இது மனித இயல்பு. மாத்திரை கடையில் வாங்கி விழுங்குவது. சாறு தாமே குனிந்து பறித்து, தாமே அரைத்தது. எதன்மேல் பிரியம் வரும்?

சாறும் தன் பங்குக்குக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். எனக்குக் கவலை அங்கேதான். நித்தியகல்யாணி இலையின் சாரம் விலங்குகளில் சர்க்கரையைக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆத்தா சாப்பிடும் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பாடு குறைந்தாலும் சிறுநீரகம் தளர்ந்தாலும் அது தேவைக்கு மேல் வேலை செய்துவிடும். அதோடு இன்னொன்றும் சேர்ந்து இழுத்தால் இரவில் சர்க்கரை தரைதட்டிவிடும். விடியற்காலையில் வேர்த்து நடுங்கியது பெரும்பாலும் அதுதான். வயதானவர்களுக்கு வேர்வைகூட இல்லாமல், குழறலாகவும் தடுமாற்றமாகவும் மட்டும் வரலாம். வீட்டில் உள்ளவர்கள் அதை "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுவார்கள். அடுத்த தடவை அப்படி ஆனால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கைவசம் இல்லையென்றால் பார்க்காமலே கொடுக்கலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையில் இரண்டு மில்லிகிராம் என்றால் இன்றும் இரண்டு, நாளையும் இரண்டு. கைப்பிடி இலையில் அந்த உறுதி கிடையாது. மழை பெய்த வாரத்து இலைக்கும் காய்ந்து கிடந்த வாரத்து இலைக்கும், இளந்தளிருக்கும் முற்றலுக்கும் சத்து மாறும். ஆத்தாவுக்கு நேற்று போனதும் இன்று போனதும் ஒரே அளவா என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது. வெள்ளைப் பூதான் சர்க்கரைக்கு நல்லது, ரோஸ் பூ ஆகாது என்றும் ஊரில் சொல்வார்கள். இரண்டும் ஒரே செடியின் இரண்டு நிறம்தான், இரண்டிலும் அந்த வீரியப் பொருள்கள் உண்டு.

"பரம்பரை வைத்தியம்தானே" என்று ஆத்தா கேட்பார்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நித்தியகல்யாணி நம் மண்ணில் பிறந்த செடி இல்லை. அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கடலில் இருக்கும் மடகாஸ்கர் தீவு. பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் நம் வீடுகளுக்கு வந்ததைப் போல அதுவும் கப்பலில் வந்து நம்முடையதாகிவிட்டது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில்கூட, சுண்ணாம்புக் காரை விரிசலில் வேர்விட்டு வருஷம் முழுக்கப் பூக்கும். இடுகாடுகளில் தானாக மண்டிக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்கிற பெயரும் அதற்கு உண்டு. நம் செம்மண்ணும் வெயிலும் அதற்கு அவ்வளவு ஒத்துப்போய்விட்டது. வந்த இடத்தில் மக்கள் அதை வைத்தியத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். மூலிகை நூல்களில் வெகுமூத்திரத்துக்கும் அடங்காத தாகத்துக்கும் பூவைக் காய்ச்சிய நீரும், சிறுநீர்ச் சர்க்கரைக்கு வேர்ப்பொடி ஒரு சிட்டிகையும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆக, பழக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் சொன்ன அளவைப் பாருங்கள்: நாலைந்து பூ, ஒரு சிட்டிகைப் பொடி. பச்சை இலையைக் கைப்பிடி கைப்பிடியாக அரைத்து மாதக்கணக்கில் குடிப்பது அந்தப் பழக்கத்தில் இல்லை. அது வாட்ஸ்அப் சேர்த்தது. அந்தச் சிறிய அளவைக்கூட, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லை.

சர்க்கரைக்கு இந்தச் செடியை நாம் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதே நம்பிக்கை இருந்தது. கேன்சர் மருந்து பிறந்ததே அந்த நம்பிக்கையைத் தொட்டுத்தான். அந்தக் கதையை ஆத்தாவுக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.

1952-ஆம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் கனடாவில் இருந்த கிளார்க் நோபிளுக்குத் தபாலில் இந்தச் செடியின் இலைகளை அனுப்பினார். அங்கே சர்க்கரை நோயாளிகள் இதைத் தேநீராகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள், இதில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்பது கோரிக்கை. கிளார்க் நோபிள் இன்சுலின் கண்டுபிடிப்புக் காலத்தில் அந்தக் குழுவோடு வேலை செய்தவர், அதனால்தான் அவரைத் தேடி அனுப்பினார்கள். அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் ஆராய்ச்சியாளரான தம்பி ராபர்ட் நோபிளிடம் இலைகளைக் கொடுத்தார். ராபர்ட் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரையில் பெரிய அசைவில்லை. இலைச்சாரத்தை ஊசியாகச் செலுத்திப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் எலிகள் சீழ்க்கட்டி வைத்துச் செத்தன. எந்தக் கிருமி நுழைந்தாலும் எதிர்த்து நிற்க அவற்றின் உடம்பில் ஆள் இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது.

வேறு யாராவது என்றால் "இது விஷம்" என்று மூடி வைத்திருப்பார்கள். நோபிள் அப்படிச் செய்யவில்லை. வெள்ளை அணுக்களை இப்படி அடக்கும் பொருள், வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுக்கு உதவாதா என்று யோசித்தார். சார்லஸ் பீர் என்கிற வேதியியல் அறிஞரும் சேர்ந்துகொண்டார். இருவரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டினை 1958-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவும் இந்தச் செடியைக் கையில் எடுத்திருந்தார், அவரும் சர்க்கரைப் பேச்சைக் கேட்டுத்தான் தொடங்கினார். அங்கிருந்து வந்தது வின்கிரிஸ்டின். 1963-ல் அதற்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன் ரத்தப் புற்று வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் மிக மிக அரிது. வின்கிரிஸ்டினையும் சேர்த்துப் பல மருந்துகளைக் கூட்டாகக் கொடுக்கும் முறை வந்தபின், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் இந்தச் செடியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவைத்து மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரு கிராம் மருந்து பிரித்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இந்த விவரம் உங்கள் கொழுந்தனார் விஷயத்தில் மறுபடி வரும்.

இப்போது ஆத்தாவின் பாதத்துக்கு வருவோம். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதற்குள் நுண்ணிய இழைகள் உருவாகி இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் அந்த இழைகளை உருவாகவிடாமல் தடுக்கின்றன. புற்றுச் செல் பெருக முடியாமல் நிற்பது அதனால்தான். ஆனால் அதே வகை இழைகள் நரம்புகளுக்குள்ளும் உண்டு. தண்டுவடத்தில் இருந்து கால் விரல் வரை சத்துப் பொருள்கள் அவற்றின் மேல்தான் பயணிக்கின்றன. அவை கெட்டால் முதலில் அடிபடுவது மிக நீளமான நரம்பு, அதாவது பாதத்துக்குப் போகிற நரம்பு. வின்கிரிஸ்டின் ஏற்றிக்கொள்கிற நோயாளிகளுக்குக் கால் மதமதப்பும் கடுமையான மலச்சிக்கலும் வருவது இதனால்தான். குடலை அசைக்கும் நரம்புகளும் மந்தமாகிவிடும்.

இதைப் படித்ததும் பயந்துவிடாதீர்கள். ஒரு கைப்பிடி இலையில் வின்கிரிஸ்டின் மிக மிகக் குறைவு. வாய்வழியாகப் போனால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சவும் செய்யாது. ஆத்தாவின் மதமதப்புக்கு இலைச்சாறுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பதினைந்து வருடச் சர்க்கரையே பாத நரம்பைக் கெடுக்கப் போதும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்தும் மதமதப்பு வரும். இந்தக் காரணத்தைப் பலரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் பார்த்துக் குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்ய வழியுண்டு. ஆனால் ஏற்கெனவே நலிந்த நரம்பு இருக்கிறவர், நரம்பைத் தாக்கும் பொருள்கள் உள்ள செடியைத் தினமும் குடிப்பது எந்த வகையிலும் நியாயம் ஆகாது. மேலும் அந்த இலையில் இருப்பது இந்த இரண்டு பொருள்கள் மட்டுமல்ல. ஆல்கலாய்டு என்கிற வீரியமான தாவர வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அதில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் சில ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. ஆத்தா பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். பாத்ரூமுக்குப் போக இரவில் சட்டென்று எழுந்து தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் செடி அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொல்லைக்குள் நுழையும் ஆடு மற்றதையெல்லாம் மேய்ந்துவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டுப் போவதை ஆத்தாவே பார்த்திருப்பார்கள்.

நீங்கள் எடுக்க வேண்டிய பரிசோதனைகள்: மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி, பி12. ரத்த அணுக்கள் எதற்கு என்று லேபில் கேட்டால், இரண்டு மாதம் நித்தியகல்யாணி குடித்தார்கள் என்று டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்கியிருப்பதைக் காட்டுங்கள். டாக்டரிடம் இதை மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து நம் வீடுகளில் நாட்டு மருந்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சாற்றைக் கணக்கில் எடுக்காமல் அவர் மாத்திரையை மாற்றினால் அந்த முடிவும் தப்பாகிவிடும். சாற்றை நிறுத்தியதும் சர்க்கரை கொஞ்சம் ஏறினாலும் பதற வேண்டாம். 72 வயதில், மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அளவு சற்றுக் கூடுதலாக நிற்பதைவிட இரவில் தாழ்ந்துபோவதுதான் ஆபத்து.

பாதத்தைத் தினமும் பாருங்கள். மதமதப்பு இருக்கும் காலுக்குச் சூடு தெரியாது. மத்தியான வெயிலில் முற்றத்துக் கல்லிலும் பிள்ளையார்பட்டி பிரகாரத்திலும் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வந்தது தெரியாமல், புண் ஆழமான பிறகு வருகிறவர்கள் உண்டு. கோவிலுக்குக் காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போகட்டும்.

அடுத்து உங்கள் மகள். இங்கே எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. செல் பிரிவதைத் தடுக்கும் பொருள்கள் உள்ள செடி இது. வயிற்றில் இருக்கும் குழந்தையோ செல் பிரிந்து பிரிந்துதான் வளர்கிறது. சில நாடுகளில் இந்தச் செடியைக் கருவைக் கலைக்கவே பயன்படுத்தியிருக்கிறார்கள். "ரெண்டு எலதானே" என்கிற பேச்சை இந்த இடத்தில் ஆத்தாவிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே நிறுத்துங்கள். பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கும் காலத்திலும் கூடாது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு உணவு முறை, சாப்பிட்டபின் சிறிது நடை, தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் மருந்து அல்லது இன்சுலின் என்று நல்ல வழி இருக்கிறது. இன்சுலின் என்றதும் வீட்டில் அழுகை வேண்டாம். அது நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகாது, பிரசவத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். நின்றுவிட்டாலும், பிரசவமாகி ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை சர்க்கரை பார்த்துவிட வேண்டும். ஆத்தாவுக்கே சர்க்கரை இருக்கிற குடும்பம், அதை மறக்காதீர்கள்.

கொழுந்தனாருக்கு நிணநீர்ப் புற்று என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய சிகிச்சைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கூட்டு மருந்துகளில் வின்பிளாஸ்டினோ வின்கிரிஸ்டினோ பெரும்பாலும் இருக்கும். இருந்தால், அந்தச் செடியின் மருந்து ஏற்கெனவே அவர் உடம்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதுவும் எப்படி? மற்ற எல்லாவற்றையும் நீக்கித் தூய்மையாக்கி, அவருடைய உயரமும் எடையும் பார்த்து அளவு கணக்கிட்டு, நேராக ரத்தக் குழாயில். வின்கிரிஸ்டின் என்றால் பொதுவாக ஒரு தடவைக்கு இரண்டு மில்லிகிராமைத் தாண்ட விடுவதில்லை. அதைத் தாண்டினால் நரம்பு தாங்காது என்பதால் அவ்வளவு கட்டுப்பாடு. நூற்றுக்கணக்கான கிலோ இலையிலிருந்து ஒரு கிராம் கிடைக்கும் மருந்து, அம்மியில் அரைத்த ஒரு டம்ளர் சாற்றில் புற்றைக் கரைக்கும் அளவுக்கு வராது. வராததோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கீமோவில் இருக்கிறவருக்கு வெள்ளை அணுக்கள் ஏற்கெனவே குறைவாக இருக்கும். காய்ச்சாத பச்சை இலைச்சாறும் கிணற்றுத் தண்ணீரும் அவருக்குக் கிருமியைக் கொண்டு சேர்க்கும் வழி. அவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவே மருத்துவமனை போக வேண்டும். அவர் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

செடி நிற்கட்டும். பூவைச் சாமிக்கு வைக்கலாம், தலையில் வைக்கலாம். தொட்டால் ஒன்றும் ஆகாது. குளவி கொட்டினால் இலையைக் கசக்கி மேலே தேய்ப்பது பழைய வழக்கம். தோல் கிழிந்திராத இடத்தில் அதைச் செய்தால் தவறில்லை, முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ மட்டும் இலையைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில ஊர்களில் பூவை ஊறவைத்த நீரைக் கண்ணில் விடுவார்கள், அது வேண்டாம். திறந்த புண்ணிலும் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் நித்தியகல்யாணிப் பொடி என்று பாக்கெட்டில் விற்பதும் நான் மேலே சொன்னதிலிருந்து தப்பிவிடாது. காயவைத்து அரைத்ததால் வீரியம் போய்விடவில்லை.

ஆத்தாவிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களுக்குக் கடினம் என்று தெரிகிறது. சாற்றைக் கொட்டிவிட்டு "இனிமே குடிக்காதீங்க" என்றால், நீங்கள் இல்லாத நேரம் பார்த்துக் குடிப்பார்கள். அவர்களுக்குக் காலையில் தன் கையால் செய்து குடிக்க ஒன்று வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்கிற பழமொழி அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆவாரை நம் மண்ணின் செடி, ஊருக்கு வெளியே பொட்டல் முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே பூ. சர்க்கரை நோய்க்கு அது சித்த மருத்துவத்தில் ஊறிய மருந்து: ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை சேர்ந்த ஆவாரைக் குடிநீர். அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவுகளில் அதைத் தருகிறார்கள். இதுவும் சர்க்கரையைக் குறைக்கக் கூடியதுதான் என்பதால் கிளிமிபிரைடு அளவை டாக்டர் சரிசெய்து, இரவு நடுக்கம் முழுதாக நின்ற பிறகே தொடங்க வேண்டும். பார்க்காமல் நீங்களே தொடங்கிவிடாதீர்கள்.

அதுவரை காலையில் கொதிக்க வைத்த சீரகத் தண்ணீர் குடிக்கட்டும். மலச்சிக்கலுக்கு முருங்கைக் கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு என்று நார் உள்ளவை தினமும் ஒன்று, தண்ணீர் தாராளமாக. சாற்றை நிறுத்திய இரண்டு வாரத்திலும் மலச்சிக்கல் விடவில்லை என்றாலோ, வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தாலோ உடனே காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், கிரியாட்டினினும் பி12-ம் எவ்வளவு, டாக்டர் மாத்திரையில் என்ன மாற்றினார் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துக் குடிநீரைத் தொடங்கலாமா, எந்த அளவில் என்று சொல்கிறேன்.